ஐம்பத்தெட்டு என்ற எண்

சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமைக் காலை, மல்லாபூரில் எங்கள் தெருக் கோடியில் குடியிருக்கும் ஆத்தூர்க்காரப் பெண்மணி ஒருவர் கையில் ஒரு சிறு அச்சுச் சீட்டுடன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "அண்ணா, இதில் ஐம்பத்தெட்டு என்று போட்டிருக்கிறது. இது ரூபாய்க் கணக்கா, வேறு ஏதாவதா? அவரைக் கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்" என்றார்.

சீட்டை வாங்கிப் பார்த்தேன். ரூபாய் அன்று. முந்தின நாள் இரவு, உறவினர் ஒருவரின் புதுமனைப் புகுவிழாவுக்குச் சென்று திரும்பிய அவர் கணவரைப் போலீசார் வழியில் நிறுத்தி, கருவியில் ஊதச் சொல்லி எடுத்த கணக்கு அது. மனிதர் பகலில் 'குட்டியானை' வண்டி ஓட்டி, நாச்சாரம், மல்லாபூர் தொழிற்பேட்டைகளுக்குச் சரக்கு ஏற்றி இறக்கிப் பிழைப்பவர். அன்று இரவு ஓட்டியதோ இரு சக்கர வண்டிதான். "ஸ்கூட்டர்தானே, இதற்குமா இவ்வளவு கெடுபிடி?" என்று அவர் பின்னால் என்னிடம் கேட்டார். நம்மவரில் பலர் அவ்வாறே எண்ணியிருக்கிறார்கள் என்பதனாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

மல்லாபூர், மௌலாலி, ஈ.சி.ஐ.எல். சந்திப்பு, உப்பல் என்னும் இந்தக் கிழக்குப் பகுதிக்குத் தமிழர் வந்து குடியேறியது பிழைப்பை நாடி. 1967-இல் ஈ.சி.ஐ.எல். நிறுவனமும் 1971-இல் அணு எரிபொருள் வளாகமும் ஏற்பட்ட பின், பணியின் பொருட்டு வந்தவர்களும், அவர்களைத் தொடர்ந்து பட்டறைக்கும் லாரிக்கும் கடைக்கும் வந்தவர்களும் உண்டு. ஊர் விட்டு ஊர் வந்த குடும்பத்தில் ஓட்டுநர் லைசென்ஸ் என்பது பல வீடுகளில் அடுப்பு எரிவதற்கான சீட்டு. ஆகையால் அதைப் பறிக்கும் சட்டம் என்ன சொல்கிறது என்பதை அறிந்துகொள்வது, குடிக்கிறவர்களைவிடக் குடிக்காத மனைவிமார்க்கும் பெற்றோர்க்கும் அவசியமாகிறது.

முதலில் அந்த 58-ஐப் பார்ப்போம். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் எத்தனை மில்லி கிராம் சாராயச் சத்து இருக்கிறது என்பதே அவ்வெண். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு, இந்த அளவு 30-ஐத் தாண்டினால் குற்றம் என்கிறது. ஓட்டுகிறவன் தள்ளாடினானா, நேராகத்தான் ஓட்டினானா என்னும் விசாரணைக்கு அங்கே இடமில்லை. பழைய 1939-ஆம் ஆண்டுச் சட்டத்திலோ, வண்டியைத் தன் வசத்தில் வைத்துக்கொள்ள இயலாத அளவுக்குப் போதை ஏறியிருந்தான் என்று காட்ட வேண்டியிருந்தது. அதைக் காட்டுவது எளிதன்று. பச்சுபாய் ஹசனலி காரியானி என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1971-இல் கூறியது இதற்குச் சான்று. வாயில் சாராய நாற்றம், தடுமாறும் நடை, குழறும் பேச்சு, விரிந்த கண்மணி ஆகிய இவற்றை மட்டும் கொண்டு ஒருவன் குடிபோதையில் வண்டி ஓட்டினான் என்று முடிவு கட்ட இயலாது என்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கண்ணுக்கும் மூக்கிற்கும் தெரிந்த அடையாளம் போதாதாயின், அளவிட்டுச் சொல்லும் கருவி வேண்டும். அதன் பயனாகவே சட்டத்தில் எண்ணும், எண்ணைக் காட்டும் கருவியும் நுழைந்தன.

மேல் நாட்டில் இந்த எண் இதற்கு முன்பே நுழைந்துவிட்டது. ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி எரிக் விட்மார்க் 1920-களில், விரல் நுனியில் எடுத்த சில துளி இரத்தத்தைக் கொண்டே சாராயச் சத்தை அளக்கும் முறையைக் கண்டார். நார்வே 1936-இலேயே எண்ணைச் சட்டமாக்கியது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ராபர்ட் போர்க்கென்ஸ்டைன் என்பவர் 1954-இல் மூச்சை அளக்கும் பெட்டியைச் செய்தார். அதனுள்ளே கந்தக அமிலத்தில் கரைத்த பொட்டாசியம் டைக்ரோமேட் இருக்கும். குடித்தவன் மூச்சுப் பட்டால் அந்த ஆரஞ்சு நிறம் மாறிப் பச்சை சாயும். நிறம் எவ்வளவு மாறிற்று என்பதைக் கொண்டு கணக்கிடுவார்கள். பிரிட்டன் 1967-இல் 80 மில்லி கிராம் என்று வரம்பிட்டது. நம் நாட்டு வரம்பு அதனினும் மிகக் குறைவு என்பதைக் கவனிக்க வேண்டும். வெளிநாடு சென்று வந்தவர்கள் "அங்கே ஒரு கிளாஸ் குடித்துவிட்டு ஓட்டலாம்" என்று சொல்லுவதைக் கேட்டு இங்கே ஓட்டக் கூடாது.

இன்று போலீசார் கையில் இருக்கும் கருவிகளில் பெரும்பாலும் திராவகம் இல்லை. பிளாட்டினம் பூசிய ஒரு சிறு மின்கலத்தில் மூச்சிலுள்ள சாராயச் சத்து படும்போது மெல்லிய மின்சாரம் பிறக்கிறது. அதன் அளவே எண்ணாகிறது. நுரையீரலின் அடியிலிருந்து வரும் 2,100 பங்கு மூச்சில் எவ்வளவு சத்து உண்டோ அவ்வளவு ஒரு பங்கு இரத்தத்தில் உண்டு என்பது கருவி செய்தவர்கள் எடுத்துக்கொண்ட விகிதம். மனிதருக்கு மனிதர் இது சற்றே மாறும். மேலும், அப்போதுதான் வாய் கொப்பளித்த மருந்தோ, ஏப்பமோ வாயில் சத்தை நிறுத்திவைத்திருந்தால் எண் பொய்யாக உயரும். கால் மணி நேரம் பொறுத்தால் அது அடங்கிவிடும். ஆதலால், உண்மையில் குடிக்காதவன் எண்ணைக் கண்டு பதறவோ, சண்டையிடவோ வேண்டியதில்லை. சற்றுப் பொறுத்து மறுபடியும் ஊதிப் பார்க்குமாறு மரியாதையாகக் கேட்கலாம்.

நம் ஆத்தூர்க்காரர் "இரண்டே இரண்டு பெக்" என்று சாதித்தார். அவர் சொன்னது பொய்யன்று என்றே நான் கருதுகிறேன். விட்மார்க் வகுத்த கணக்கைப் போட்டுப் பாருங்கள். 60 மில்லி வீதம் இரண்டு என்றால் 120 மில்லி. அதில் நூற்றுக்கு 42.8 பங்கு சாராயச் சத்து. அது ஏறத்தாழ 40 கிராம் எடை. 65 கிலோ எடையுள்ள ஆண் ஒருவர் உடம்பில் அது பரவினால் எண் 90-ஐ ஒட்டி நிற்கும். ஈரல் மணிக்குச் சுமார் 15 வீதம் அதைக் கரைக்கும். இரண்டு மணி நேரம் சாப்பாடும் பேச்சுமாகக் கழிந்த பின் 58 என்று வருவதில் வியப்பு இல்லை. 30-க்குக் கீழே இறங்குவதற்கு அவர் நான்கு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்திருக்க வேண்டும்.

இந்தக் கணக்கை இன்னும் ஒரு படி நீட்டினால் அச்சம் தரும் ஒரு விஷயம் வெளிப்படுகிறது. இரண்டுக்குப் பதிலாக நான்கு பெக் என்றால், இரவு 10 மணிக்குத் தொடங்கியவர் உறங்கி எழுந்து, பல் துலக்கி, திருநீறு பூசி, காலை 8 மணிக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் புறப்படும் போதும் வரம்புக்கு மேலேயே இருப்பார். அவருக்குத் தம் உடம்பில் ஒன்றும் தெரியாது. மோர் குடிப்பதும், எலுமிச்சம் பழம் பிழிந்து குடிப்பதும், பச்சைத் தண்ணீரில் தலை முழுகுவதும் ஈரலை அவசரப்படுத்துவதில்லை. இவை நாற்றத்தை மாற்றலாம், எண்ணை மாற்றா.

இனிப் பிடித்த பிறகு நடப்பது. சீருடை அணிந்த போலீஸ் அதிகாரி, சந்தேகிக்கக் காரணம் இருந்தால், பொதுச் சாலையில் ஓட்டுபவரை ஊதச் சொல்லலாம் (203-ஆம் பிரிவு). ஊத மறுத்தால் விட்டுவிடுவார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு மறுப்பவர்கள் உண்டு. மறுப்பே கைது செய்யக் காரணமாகும். தக்க காரணமின்றி மறுத்ததை வழக்கிலும் எதிராகக் கொள்ளலாம் என்கிறது 205-ஆம் பிரிவு. கைதான பின் போலீஸ் நிலையத்தில் மீண்டும் ஊத வாய்ப்புத் தர வேண்டும். கருவியில் சத்துத் தெரிந்தாலோ, ஊதவே மறுத்தாலோ, பதிவு பெற்ற டாக்டர் மூலம் இரத்தம் எடுத்து ஆய்வுக்கு அனுப்பலாம். ஓட்டியவர் பெண்ணாயின், இரத்தம் எடுப்பவர் ஆண் டாக்டராக இருந்தால், வேறொரு பெண் உடன் இருக்கும்போதுதான் எடுக்க வேண்டும். 185-ஆம் பிரிவின்கீழ்க் கைது செய்யப்பட்டவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தாவிடில் விடுவித்தாக வேண்டும் என்பது 202-ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு.

வண்டியை என்ன செய்வது? இதில் தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021 நவம்பரில், நீதிபதி கே. லக்ஷ்மண் அவர்கள் தீர்ப்பின் வாயிலாகத் தெளிவு தந்திருக்கிறது. ஓட்டியவர் குடித்திருந்தார் என்பதற்காக மட்டும் வண்டியைப் பறிமுதல் செய்யலாகாது. உடன் வந்தவர் குடிக்காதவராய், லைசென்ஸ் உள்ளவராய் இருப்பின் அவரிடம் ஒப்படைக்கலாம். ஒருவரும் இல்லையெனில் உறவினருக்கோ நண்பருக்கோ சொல்லி அனுப்ப வேண்டும். யாரும் வரவில்லையென்றால்தான் பாதுகாப்புக்காக நிலையத்தில் நிறுத்தி, பின்பு பதிவுச் சான்றும் லைசென்ஸும் காட்டியதும் திருப்பித் தர வேண்டும். நம்மவருக்கும் போலீசார் "வீட்டாரை அழையுங்கள்" என்றே சொன்னார்களாம். நள்ளிரவில் மைத்துனனை அழைக்க வெட்கப்பட்டு, நடந்தே வீடு வந்து படுத்துவிட்டார். வெட்கத்தின் விலை, மறுநாள் அரை நாள் கூலி.

அந்தத் திங்கட்கிழமையே ஓர் ஆள் வந்து முளைத்தான். "4,000 ரூபாய் கொடுங்கள், கோர்ட்டுக்கே போகாமல் முடித்துத் தருகிறேன்" என்றானாம். அந்தப் பெண்மணி தாலிக்கொடியை அடகு வைக்கவும் தயாராக இருந்தார். சில குற்றங்களுக்கு அந்த இடத்திலேயே தொகை கட்டித் தீர்த்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. குடித்து ஓட்டியது அந்தப் பட்டியலில் இல்லை. அது மாஜிஸ்திரேட் முன் செல்ல வேண்டிய வழக்கு. இடைத்தரகனிடம் கொடுக்கும் பணம் இடைத்தரகனுக்கே. நான் இதைச் சொன்ன பிறகும் அவர் அரை மனத்துடன்தான் போனார்.

கோர்ட்டில் என்ன ஆகும்? 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் முறை ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அல்லது இரண்டும். ஹைதராபாத் கோர்ட்டுகள் பலரை நாள் கணக்கில் சிறைக்கு அனுப்பியதும் உண்டு. நகரப் போக்குவரத்துப் போலீசார் கோஷாமஹல், பேகம்பேட் பயிற்சி நிலையங்களில் பிடிபட்டவர்களுக்கு அறிவுரை வகுப்பு நடத்தி, வீட்டாரையும் உடன் அழைத்து வரச் சொல்வது வழக்கம். மகன் முன்னிலையில் தந்தையும், மனைவி முன்னிலையில் கணவனும் அங்கே உட்கார்ந்திருப்பது, அபராதத்தைக் காட்டிலும் உறைக்கும் தண்டனை என்று பார்த்தவர்கள் சொல்லுகிறார்கள். குடித்தவரை "ஒன்றும் ஆகாது, நீயே ஓட்டு" என்று தூண்டியவருக்கும் அதே தண்டனை உண்டு என்று 188-ஆம் பிரிவு கூறுவதை விருந்து வைப்பவர்கள் நினைவில் கொள்வது நன்று.

நம் நண்பருக்கு முதல் முறையாதலால் அபராதத்தோடு முடிந்தது. கட்டினார், வெளியே வந்தார், தேநீர் வாங்கிக் கொடுத்தார். "போயிற்று சனியன்" என்றார். அவர் தொல்லை அதன் பின்னரே தொடங்கியது.

போலீசார் அன்றிரவே அவருடைய லைசென்ஸை வாங்கிக்கொண்டு ஓர் ஒப்புகைச் சீட்டுக் கொடுத்திருந்தனர். வேறு சில சமயங்களில் அத்தகைய சீட்டை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டலாம். குடித்து ஓட்டிய வழக்கில் அச்சீட்டு ஓட்டும் உரிமையைத் தராது என்று 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் 206-ஆம் பிரிவில் திட்டவட்டமாகச் சேர்த்திருக்கிறது. இவர் அதை அறியாமல் மறுநாள் முதல் குட்டியானையை ஓட்டிக்கொண்டுதான் இருந்தார். லைசென்ஸ், போக்குவரத்து அலுவலகத்துக்குச் சென்றது. அங்கே உள்ள அதிகாரி, உரியவருக்குத் தம் கட்சியைச் சொல்ல வாய்ப்பு அளித்த பின், முதல் குற்றமானால் மூன்று மாதம் தகுதி நீக்கம் செய்யலாம். மறுமுறையானால் லைசென்ஸையே ரத்துச் செய்யலாம். இது கோர்ட் அபராதத்துக்கு மேலே, தனியாக வருவது. கோர்ட்டும் தன் பங்குக்குத் தகுதி நீக்கம் செய்ய அதிகாரம் உடையது. உச்ச நீதிமன்றம் நியமித்த, நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழு, குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்திவைக்குமாறு 2015-லேயே மாநிலங்களைப் பணித்திருந்தது.

வாய்ப்பு அளிப்பதற்கான நோட்டீஸ் போயிற்று. எங்கே? லைசென்ஸில் கண்ட விலாசத்துக்கு. அது ஆத்தூர் அருகே, அவர் பிறந்த வீடு! அங்கே இருப்பவர் எழுபது வயதுத் தாயார் ஒருவரே. அவர் அதைச் சாமி படத்தின் பின்னால் பத்திரமாகச் செருகி வைத்தார். விசாரணை நாள் வந்தது, போயிற்று. எல்லா வகை வண்டிகளையும் மூன்று மாதம் ஓட்டக் கூடாது என்று உத்தரவு பிறந்தது. சட்டம் "எல்லா வகையோ, ஒரு சில வகையோ" என்று அதிகாரிக்கு இடம் விட்டிருக்கிறது. நேரில் சென்று, பிழைப்பு இன்ன வண்டி என்று எடுத்துரைத்திருந்தால் பலன் கிட்டியிருக்குமோ, கிட்டாதோ, கேட்கும் வாய்ப்பாவது இருந்திருக்கும். உத்தரவு கைக்குக் கிடைத்த 30 நாளுக்குள் அப்பீல் செய்யலாம். அந்த நாள்களும் சாமி படத்தின் பின்னாலேயே கழிந்தன.

சங்கத்து அன்பர்கள் எத்தனை பேர் லைசென்ஸில் ஊர் விலாசத்தையே வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்கிறேன். வீடு மாறினாலும் அதை மாற்றுவதில்லை. ஊர் விட்டுப் போகவில்லை என்ற ஓர் ஆறுதல் போலும். விலாச மாற்றத்தைக் கணினி வழியே விண்ணப்பித்துச் செய்துகொள்ளலாம்.

தகுதி நீங்கிய காலத்தில் ஓட்டினால் 182-ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ வரும். அதைவிடப் பெரிய ஆபத்து, அப்போது ஏதேனும் விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடக் கூடும். குடித்து ஓட்டிய வண்டியின் சேதத்துக்குக் கம்பெனி பணம் தர வேண்டியதில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2021-இல் பேர்ல் பீவரேஜஸ் வழக்கில் ஏற்றுக்கொண்டது. 2007-இல் டில்லியில் நொறுங்கிய ஒரு விலையுயர்ந்த காரைப் பற்றிய வழக்கு அது. மூச்சுச் சோதனையே நடக்காவிட்டாலும் வேறு சான்றுகளால் குடித்திருந்ததை நிரூபிக்கலாம் என்றும் அத்தீர்ப்புக் கூறுகிறது.

சட்டம் கொடிது என்று இதுவரை படித்தவர்களுக்குத் தோன்றலாம். எனக்கும் அந்த நோட்டீஸைப் பற்றிக் கேட்டபோது அப்படித்தான் தோன்றிற்று. ஆனால் 2016 ஜூலை 1-ஆம் நாளை இந்நகரத்தார் மறக்கவில்லை. பஞ்சாகுட்டாவில் குடித்த மாணவர்கள் ஓட்டிய கார், சாலை நடுவிலிருந்த தடுப்பைத் தாண்டிப் பறந்து எதிரே வந்த காரின் மேல் விழுந்தது. பள்ளியிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த சிறுமியும் அவள் குடும்பத்தாரில் சிலரும் மாண்டனர். 2025 அக்டோபர் 24 விடியுமுன், ஹைதராபாத்திலிருந்து பெங்களூர் சென்ற ஆம்னி பஸ் கர்நூல் அருகே சின்னடேகூரில் எரிந்தது. சாலையில் விழுந்து கிடந்த மோட்டார் சைக்கிளை அந்தப் பஸ் இழுத்துச் சென்றதே காரணம். அதை ஓட்டி வந்து விழுந்து இறந்தவர் குடித்திருந்தார் என்று தடய அறிவியல் ஆய்வு சொல்லிற்று. பஸ்ஸில் 19 பேர் வெந்து மடிந்தனர். அந்த வழியில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பெங்களூர் சென்று, ஊருக்கு வண்டி மாறாத தமிழ்க் குடும்பம் நம்மிடையே அரிது. அதுவும் ஒரு ஸ்கூட்டர் போன்ற வண்டிதான்.

உயிர் போயின் சட்டம் 185-ஆம் பிரிவோடு நிற்பதில்லை. மும்பையில் 2006-இல் நடைபாதையில் உறங்கிய ஏழு கூலியாட்களைக் கொன்ற அலிஸ்டர் பெரேரா வழக்கில், அது வெறும் கவனக்குறைவு அன்று, கொலையாகாத மரணக் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் முடிவு கூறிற்று. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதையில் கவனக்குறைவால் மரணம் விளைவித்தாலே ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு.

நெடுஞ்சாலை ஓரத்து மதுக்கடைகளை 500 மீட்டருக்கு அப்பால் தள்ளிய 2016 டிசம்பர்த் தீர்ப்புக்கு வித்திட்டவர் கே. பாலு என்னும் தமிழ் நாட்டு வக்கீல் என்பதை இங்கே குறிப்பிடாமல் விட மனமில்லை. மறு ஆண்டு மார்ச்சில் சிற்றூர்களுக்கு அத்தூரம் 220 மீட்டராகத் தளர்த்தப்பட்டது. ராஜாஜி 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியதும், 1971-இல் தமிழ் நாட்டில் அது தளர்ந்ததும், ஆந்திரத்தில் 1995-இல் வந்து 1997-இல் போனதும் பெரிய கதை. அதை இன்னொரு மாதம் பேசலாம்.

ஆத்தூர்க்காரர் மூன்று மாதமும் குட்டியானையின் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்து சென்றார். ஓட்டியவன் மைத்துனன், அவனுக்குக் கூலி போக மிஞ்சியது டீசலுக்கும் தவணைக்கும் சரியாயிருந்தது. மகளின் பள்ளிக் கட்டணத்தைத் தாயார் ஆத்தூரிலிருந்து அனுப்பினார். தகுதி நீங்கியவர் செய்ய வேண்டிய மறு பயிற்சியையும் முடித்துக்கொண்டு, லைசென்ஸைத் திரும்ப வாங்கிய அன்று மாலை, அவரும் மனைவியும் என் வீட்டுக்கு வந்தனர். லைசென்ஸை என்னிடம் நீட்டினார். புரட்டிப் பார்த்தேன். விலாசம் மல்லாபூர் என்று இருந்தது.